நான் குடிக்காத தண்ணீர்

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். என் மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது என் தொழில். மிச்சத் தண்ணீரைப் பின்னால் உள்ள கால்வாயில் விடுவேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஒன்பதாவது படித்த என் மகளைப் பள்ளியிலிருந்து ஜவ்வாது மலைக்கு மூன்று நாள் முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வனத்துறை அம்மா ஒருவர் ஓடையில் வலை போட்டு, எந்தப் பூச்சி இருந்தால் தண்ணீர் நல்லது என்று காட்டினாராம்.

திரும்பி வந்த மறுநாள் ஆடி வெள்ளி. அம்மன் அபிஷேகத்துக்காகக் கால்வாயோரக் கிணற்றில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அவள் கொசுவலைத் துணியோடு கால்வாயில் நின்றாள்.

"நைனா, இதுல ஒரு புழுகூட உயிரோட இல்ல. இதுதான் கிணத்துலயும் ஊறுது. இதையா அம்மனுக்கு ஊத்தப்போறீங்க?"

"மூணு நாள் காட்டச் சுத்திகினு வந்து, எனக்கே சாமி கும்பிடக் கத்துக்குடுக்கிறியா?" என்று அறைந்துவிட்டேன்.

அவள் அழவில்லை. குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள். "அப்போ நீங்க ஒரு வாய் குடிங்க."

வாங்கினேன். குடிக்க முடியவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரை எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. நான் வாய் வைக்காததைத் தாயின் தலையில் ஊற்றிவந்திருக்கிறேன், பாவி!

பிறகு அவள் தண்ணீரைப் பற்றிய படிப்பே வேண்டும் என்றபோது மறுக்க எனக்கு வாயில்லை. இன்று ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். "முகாமுக்கு அனுப்பித்தான் பொண்ணு கெட்டுப்போச்சு" என்று எங்கள் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் பற்றி எரிகிறது. கெட்டுக் கிடந்தது நான்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நான் அறைந்ததை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.