ஏலத்தோல் தலையணை

எழுபதுகளின் கடைசியில், கல்லூரி முடித்த கையோடு போடி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சிறுதொழில் செய்பவர்களைப் பார்த்து, என்ன உதவி வேண்டுமென்று கேட்டு வந்து, தொழில் விரிவாக்க அலுவலரிடம் சொல்ல வேண்டும். ஆனால் எந்தக் கடை வாசலில் நின்றாலும் உள்ளே பேச்சு அடங்கிவிடும். விற்பனை வரிக்காரர்கள் அனுப்பிய ஆள் என்று நினைத்தார்கள்.

ராசிங்காபுரம் போகிற சாலையில் ஒரு அக்கா இலவம்பஞ்சுத் தலையணை செய்து விற்றார். கணவர் இல்லை. தம்பி மனைவி தினமும் வந்து தைத்துக் கொடுத்தாள். பஞ்சு அடிக்கும் மெஷினுக்குக் கரண்ட் இணைப்பு கேட்டிருந்ததால் இடத்தைப் பார்க்கப் போனேன்.

"முன்ரூமு மட்டும் பாத்துக்கங்க தம்பி."

"மெஷினு பின்னாடிதானக்கா வரும்? அதையும் பாக்கணும்."

"அங்க ஒண்ணும் இல்ல. உங்கள யாரு அனுப்புனது?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸ்ல யாரு?"

பின்னறைக் கதவு பூட்டியிருந்தது. அதன் இடுக்கு வழியாக ஏலக்காய் வாசம் வந்தது. போடிமெட்டு செக்போஸ்ட்டில் பஞ்சு மூட்டைக்குள் திருட்டு ஏலக்காய் பிடிபட்டதாக அந்த வாரம் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். என் மனதில் அதுதான் ஓடியது. அக்காவும் நான் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

மறுமுறை போனபோது, அறையைப் பார்க்காமல் இணைப்புக்குச் சிபாரிசு செய்ய முடியாது என்றேன். தம்பி மனைவியைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு, வேண்டா வெறுப்பாகக் கதவைத் திறந்தார். உள்ளே சாக்கு சாக்காக ஏலக்காய்த் தோல். காய் உடைக்கும் இடங்களில் கழித்துப் போடுவதை வாங்கி வந்து, காயவைத்து, பஞ்சோடு கலந்து தலையணையில் அடைக்கிறார்.

"படுத்தா வாசமா இருக்கும். இன்னும் யாருக்கும் விக்கல. பஜார்ல பெரிய மெத்தைக் கடைக்காரன் காதுல விழுந்தா நாளைக்கே அவன் போட்ருவான். வெளிய சொல்லீராதீக."

சொல்லவில்லை. ஆனால் அலுவலர் தானாகவே கேட்டார்: "அந்த அம்மா ஏலத்தோல வச்சு என்னமோ பண்ணுதாமே?"

"உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

"ஊருக்குள்ள பேசிக்கிறாங்கப்பா" என்று பேச்சை மாற்றிவிட்டார். மெத்தைக் கடைக்காரர் அடிக்கடி அவரைப் பார்க்க வருகிறவர். அன்றிலிருந்து அலுவலருடைய ஒவ்வொரு சிரிப்பையும் நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

சில வாரங்களில் அந்த மெத்தைக் கடை வாசலில் 'ஏலக்காய் வாசனைத் தலையணை' என்று பலகை தொங்கியது.  நேராக அக்காவிடம் போனேன். அவர் முந்திக்கொண்டு அதில் ஒன்றை வாங்கி வந்து மடியில் வைத்திருந்தார்.

"நல்லா இருக்கீகளா தம்பி? கரண்டு குடுக்குறேன்னு வந்து இதத்தான் குடுத்தீக."

"சத்தியமா நான் சொல்லலக்கா."

கத்தரியால் தலையணையின் ஓரத்தைப் பிரிக்கப் போனார். பிரிக்கவில்லை. மூலையில் துணியை மடித்துப் போட்டிருந்த தையலை விரலால் தடவினார். இரட்டையாக ஓட்டி உள்பக்கம் போட்ட முடிச்சு விரலில் நெருடியது. அந்த முடிச்சைத் தம்பி மனைவிக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

"வாசத்த வச்சே கண்டுபிடிச்சு, வீட்டுல வச்சு அவனுக்குத் தச்சுக் குடுத்திருக்கா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

"என்னக்கா செய்யப் போறீக?"

"என்ன செய்ய? எந்தம்பிக்குத் தெரிஞ்சா அவள அடிச்சுத் தொரத்திருவான். பிள்ளைக ரெண்டும் என்னா ஆகும்?"

கரண்ட் இணைப்பு வந்தது. தம்பி மனைவியும் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். அக்கா அவளிடம் எதுவும் கேட்கவில்லை, பஞ்சு கலக்கும்போது மட்டும் பக்கத்தில் விடுவதில்லை. தலையணைகளைக் குரங்கணி மலைக்குப் போகிற ஜீப்பில் ஏற்றி எஸ்டேட் வீடுகளுக்கு அவரே கொண்டுபோய் விற்றார், நன்றாகவே போயிற்று. அலுவலருக்கு யார் சொன்னார்கள் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. பயிற்சி முடிந்த அன்று அவர் என் தோளில் தட்டிக் கொடுத்தார். அந்தக் கை என் மேல் பட்டது எனக்குப் பிடிக்கவில்லை.