ஓனர் என்றால் குரல் தணியும்

மூன்று நாளாக என் கணவரை நான் திட்டாத திட்டு இல்லை. அவர் செய்த குற்றம், ஸ்டார்ட் ஆகாத கம்ப்யூட்டரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துத் திண்டிவனம் கொண்டுபோய்ச் சரிசெய்து வந்ததுதான். கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பழையபடி என் பெயரையே கொடுத்து உள்ளே போனேன். என் ஃபோல்டர் கண்ணெதிரே இருந்தது. தொட்டால் ‘ஆக்சஸ் டினைடு’ என்றது.

அதற்குள்தான் என் எம்.ஃபில். ஆய்வேடு. பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, ஒன்றரை வருஷம் ஒற்றை விரலால் தட்டியது. திங்கட்கிழமை கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். யாரும் கைவைக்கக் கூடாதென்று அந்த ஃபோல்டருக்குப் பூட்டுப் போட்ட புத்திசாலியும் நான்தான். ஃப்ளாப்பியில் வைத்திருந்த காப்பி, உப்புக் காற்றோ என்னவோ, கெட்டுப்போயிருந்தது.

சனிக்கிழமை மதியம் என் கணவரே ஒரு போன் நம்பர் வாங்கி வந்தார். எங்கள் தலைமையாசிரியரின் மருமகள், பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவர். முகம்கூட நான் பார்த்ததில்லை. போன் செய்ததும் அந்தப் பெண் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து பேசினார். போன் கூடத்தில், கம்ப்யூட்டர் உள்ளறையில், வயர் எட்டவில்லை. அந்தப் பெண் சொல்வதை இவர் எனக்குக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. கத்துவது அவருக்குப் புதிதல்ல. உப்பளத்தில் மேஸ்திரி, நாலு பாத்தி தள்ளி நிற்கிறவர்களிடம் வேலை வாங்குகிற குரல்.

"அதே பேரைத்தானே போட்டேன்? கேளுங்க" என்றேன்.

"பேரு ஒண்ணா இருந்தாலும் அதுக்கு நீ வேற ஆளாம்" என்றார். பிறகு தன் பங்குக்கு, "நம்ம அளத்துலயே ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்கறாங்க. பேரைச் சொன்னா போதுமா? பெருமுக்கல்காரனா, கிளியனூர்காரனான்னு கேக்கறோம் இல்ல?"

"விளக்கத்தை அப்புறம் வெச்சிக்கலாம். அடுத்தது என்ன?"

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, எஃப் எட்டு என்ற பொத்தானைத் தட்டித் தட்டி, சேஃப் மோடில் உள்ளே போனேன். ப்ராபர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு எல்லாம் தெருவுக்கே கேட்டது. அதற்கடுத்த சொல் மட்டும் காதில் விழவில்லை. இரண்டு தரம் கேட்டும் ஏதோ முணுமுணுத்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சத்தமா சொல்லுங்க."

"ஓனர்" என்றார், அப்போதும் மெதுவாகத்தான்.

எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். ரிசீவரைப் பிடித்தபடி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். இருபது வருஷமாக அவர் வாயில் அந்தச் சொல் அளத்து முதலாளிக்கு மட்டும்தான். அதைச் சொன்னால் வீட்டில்கூட அவர் குரல் தானாகத் தணிந்துவிடும். எனக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. மூன்று நாளாக நான் திட்டியபோதெல்லாம் இதே குரலில்தான் "சரி விடு" என்றிருந்தார்.

திரும்பி வந்து திரையைப் பார்த்தால், ஓனர் என்ற இடத்தில் பழைய விண்டோஸின் நான், பெயர்கூட இல்லாமல் வெறும் எண்களாக இருந்தேன். "அங்க உம் பேரைப் போடணுமாம். கீழ ஒரு கட்டம் இருக்குதாம், அதையும் டிக் பண்ணு. உள்ள இருக்கறது எல்லாத்துக்கும் நீதான் ஓனரு!"

அந்தக் கடைசி வார்த்தைகள் அளத்துக் குரலில் வந்தன.

ஃபோல்டர் திறந்தது. ஓடிப்போய் போனை வாங்கி நன்றி சொன்னேன். "பரவால்லைங்க மேடம், இன்னிக்கே சிடியில ஒரு காப்பி போட்டுடுங்க" என்று சிரித்தார் அந்தப் பெண்.

நான் முதலில் திறந்து பார்த்தது நன்றியுரை. என் கணவர் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்: நெறியாளர், தலைமையாசிரியர், நூலகர், நோட்ஸ் கொடுத்த தோழி.

"போன்ல சொன்னாங்களே, அவங்க பேரையும் சேத்துடு. பாவம், சோத்தை விட்டுட்டுப் பேசினாங்க" என்றார்.

சேர்த்தேன். தன் பெயர் அதில் இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போன பிறகு, எல்லோருக்கும் மேலே ஒரு வரி தட்டினேன்: ‘நீதான் ஓனர்’ என்று என்னிடம் சத்தமாகச் சொன்ன என் கணவருக்கு.