மீதி ஏழு மாதம்

செம்புக் கம்பி சுற்றும்போது செந்தாமரை அத்தை யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். காயில் என்கிற கம்பிச் சுருள் ஒன்றுக்கு ஐம்பத்தெட்டுச் சுற்று. எண்ணிக்கை தவறட்டும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து, "முப்பத்தொண்ணு, பன்னெண்டு, எழுபது" என்று முணுமுணுப்பேன். திட்ட மாட்டார். மொத்தத்தையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றுவார். "சந்தேகம் வந்தா பிரிச்சுடணும் சீனியரு."

கடையில் நான் அவருக்கு ஐந்து மாதம் மூத்தவன், வயதில் முப்பது வருஷம் இளையவன். பூதலூர் ஸ்டேஷன் பக்கம், எரிந்த பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை. முதலாளி ஜெய்னுலாபுதீன் பாய். வேலை பழக ஒரு வருஷம். எனக்கு அது முடிந்துவிட்டது. ஆனாலும் தனியாக ஒரு மோட்டாரை என்னிடம் தர பாய்க்கு மனம் வரவில்லை. நியாயம்தான்.

அத்தையின் மகன் வளவன் என்னோடு சேர்ந்தவன். பாயின் செருப்பை வார்னிஷ் டின்னுக்குள் போட்டது அவன். திட்டு வாங்கியது நான். ஐந்தாவது மாதம், நெல் லாரியில் பைக் மோதிச் செத்துப்போனான்.

காரியம் முடிந்த மறுநாள் அத்தை கடைக்கு வந்தார். பாய் நாற்காலி போட்டார். அத்தை உட்காரவில்லை.

"இங்க கத்துக்கிட்டத, சோறு திங்கையில எனக்குச் சொல்லிக் காட்டுவான் பாய். பழைய கம்பிய உருவுற வரைக்கும் தெரியும். அதுக்கு மேல தெரியல. அவனோட மீதி ஏழு மாசத்துக்கு நான் வர்றேன்."

நடவுக்கும் மிஷின் வந்துவிட்ட ஊரில் அவருக்கு வேறு வேலையும் இல்லை.

முதல் காயிலை நாற்றுமுடி போல இறுக்கிக் கட்டினார். சோதிக்கும்போதே புகைந்தது. நான் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. "இங்க எரியட்டும்மா. வயல்ல எரிஞ்சாதான் எனக்கு அசிங்கம்." இப்போது அத்தை இருக்கும் தைரியத்தில் பாய் மதியத் தொழுகைக்கு நிம்மதியாகப் போகிறார். முன்பு எங்களை நம்பி அப்படிப் போனதில்லை.

ஏழாம் மாதக் கடைசியில் ஒரு மோட்டாரை முழுக்கத் தனியாகக் கட்ட வேண்டும். ஓடினால் கடையிலேயே சம்பள வேலை. புகைந்தால் வீடு. வந்தது உள்ளூர் விவசாயி வீரையன் மாமாவின் மோட்டார். அத்தை சுற்றிய மூன்று நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் கூடவே எண்ணினேன்.

போன வியாழக்கிழமை, நாற்றங்கால் காயுதென்று வீரையன் மாமா வாசலிலேயே நின்றார்.

"பொம்பள கட்டுனதா பாய்?"

"என் கடையில கட்டுனது."

பாய் சுவிட்சைப் போட்டார். சத்தம் சீராக வந்தது. புகை இல்லை. "நாளைலேர்ந்து நீங்க கடை ஆளு" என்றார்.

வளவனின் மீதி ஏழு மாதமும் அன்றோடு முடிந்தது. அத்தைக்குக் கேட்டதா தெரியவில்லை. சூடு பார்க்கப் புறங்கையை மோட்டாரின் மேல் வைத்தார். அளவான சூடுதான். வீரையன் மாமா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியும் கையை எடுக்கவில்லை.