அடுப்படிப் படத்தில் அம்மா

2005இல் எங்கள் முதுநகர் வீட்டு அடுப்படியை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். மண்ணெண்ணெய் ஸ்டவ், நசுங்கிய அரிசி டின், கரி படிந்த சுவர், அதன்முன் மணையில் குனிந்து உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் அம்மா. உள்ளதை உள்ளபடி வரைகிறவன் என்ற கொழுப்பு எனக்கு அப்போது ஜாஸ்தி. சேலைக் கிழிசலைக்கூட விடவில்லை.

படத்தைப் பார்த்ததும் அம்மாவின் முகம் செத்துவிட்டது. எங்கள் வீட்டில் சட்டம் போட்டுச் சுவரில் ஏறியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தவர்கள். கடைசியாக ஏறியவர் அப்பா.

“உசுரோட இருக்குறவள செவுத்துல மாட்டாதப்பா. நானும் போயிடுவேன்” என்றாள்.

மறுநாள் அண்ணாமலை நகரில் கண்காட்சி. அவசர அவசரமாகச் சுவரின் நிறத்தை அவள்மேல் ஒரே பூச்சாகப் பூசி, வெறும் மணையை மட்டும் வரைந்து வைத்தேன். கண்காட்சிக்கு வந்தவர்கள், இங்கே இருந்தவங்க எங்கே எழுந்து போனாங்க என்று கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. படம் விலை போகவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

மெல்லிசாகப் பூசிய எண்ணெய் வண்ணம் வருடம் போகப் போகத் தெளிந்து, அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். படித்தவன்தான், மறந்துவிட்டேன். மூன்றாம் வருடம் படத்துச் சுவரில் ஒரு தோள் தெரிந்தது. ஈரக்கசிவு என்று அம்மாவிடம் சாதித்தேன். பிறகு குனிந்த தலை வந்தது, நெற்றி வந்தது. அம்மா அந்தப் பக்கமே பார்க்காமல் நடமாடினாள், ஆனால் இளைத்துக்கொண்டே போனாள். அங்கே அவள் தெளியத் தெளிய, இங்கே கரைகிறாளோ என்று எனக்குத் தோன்றியது.

2011 ஆயுத பூஜைக்குச் சிதம்பரத்திலிருந்து புது வெள்ளை வண்ணம் வாங்கிவந்தேன். பூஜை முடிந்ததும் கனமாகப் பூசிவிடுவதென்று முடிவு. அரிவாள்மணைக்கும் என் தூரிகைகளுக்கும் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தேன். படத்தில், அந்த மங்கலான நெற்றியில், ஈரம் காயாத சந்தனமும் குங்குமமும். அப்பா படத்தில் இருப்பது போலவே.

மனைவியின் வேலை என்று நினைத்து அவளைக் கண்டபடி ஏசினேன். துடைக்கத் துணியை எடுத்தேன்.

“தொடைக்காத. நான்தான் வச்சேன்” என்றாள் அம்மா. “ஒருநாள் நீ வைக்க வேண்டியது. அன்னிக்கு ஒங்கை நடுங்கும்பா.”

துணியைக் கீழே வைத்தேன். அம்மா அடுப்படிக்குப் போய் மணையில் குனிந்து உட்கார்ந்து, வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். வாங்கிவந்த வண்ணத்தை நான் திறக்கவே இல்லை.