முப்பதும் தவறு

2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, மாலை 4.10. ஈப்போ பேருந்து நிலையத்தில் புழுக்கம். மேற்கே கறுத்திருந்த மேகம் பெய்யவும் இல்லை, விலகவும் இல்லை. பட்டர்வொர்த்துக்குக் கட்டணம் ஆளுக்கு 23 மலேசிய வெள்ளி. அந்தப் பணத்துக்குப் பேருந்து இருபது நிமிடம் தாமதமாக வந்தது.

என்னோடு வந்தவள் பேத்தி லோஷினி. வயது பதினைந்து. கணிதப் போட்டிகளில் ஏழு பதக்கம் வாங்கியவள். எட்டாவது போட்டி மறுநாள் காலை பினாங்கில். முதல் பத்து இடங்களுக்குள் வந்தால் கோலாலம்பூரில் இரண்டு வருட விடுதிப் பயிற்சி, அதன்பின் பொறியியல். இது என் மகன் சரவணன் போட்டுவைத்த திட்டம். அவனுக்கு வேலை இருந்ததால் துணைக்கு நான் போனேன்.

நெடுஞ்சாலையில் எங்கள் பழைய விளையாட்டு: முன்னே போகும் காரின் எண்பலகை இலக்கங்களைக் கூட்டி, யார் முதலில் சொல்வது என்று. தைப்பிங் தாண்டுவதற்குள் பதினெட்டு முறை என்னைத் தோற்கடித்தாள். மூன்று முறை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி விட்டுக்கொடுத்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாள்.

இரவு 7.20. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் படகு, ஆளுக்கு 2 வெள்ளி. தீவின் விளக்குகள் அழகுதான். ஆனால் இருக்கைகள் நனைந்திருந்தன. லிட்டில் இந்தியாவில் அறை வாடகை 110 வெள்ளி. சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்.

கீழே நாசி கண்டார் சோற்றுக் கடையில் சாப்பிட்டோம். பரிமாறிய தமிழ் முஸ்லிம் இளைஞர் கரண்டியை நீட்டியபடி, "ஐயாவுக்குக் குழம்பு வேணாமா? பினாங்கு வந்து பத்தியமா இருக்கீங்களே!" என்றார். லோஷினி சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான். சாப்பாடு 21.40.

"தாத்தா, எனக்கு அந்த ஹாஸ்டலுக்குப் போக வேணாம்" என்றாள் தட்டைப் பார்த்தபடி.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"மூணு தடவை சொல்லிட்டேன். ஏழு மெடல் இருக்கு, வேற என்ன படிக்கப் போறேன்னு கேட்கிறார்."

"வேற என்ன படிக்கணும்?"

"தெரியலலா தாத்தா. தெரிஞ்சுக்கத்தான் டைம் வேணும். கணக்கு பிடிக்கும். முன்னாடி இன்னும் பிடிச்சது."

நாளைக்கு நன்றாக எழுது, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

சனிக்கிழமை காலை 8.05. காலை உணவு 9.60. போட்டி நடந்த மண்டபத்துக்குக் கார் 14 வெள்ளி. ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டிய தமிழர், பேச்சுக்காரர்.

"போட்டிக்கா பாப்பா? என் மகனும் நாலு மெடல். அதை வைக்கக் கண்ணாடி அலமாரியே வாங்கினோம்."

"இப்ப என்ன செய்யறார்?" என்று கேட்டேன்.

"அக்கரையில பத்து காவான் ஊர்ல பேக்டரி இன்ஜினியர் அண்ணே. நல்ல சம்பளம்லா. வீட்டுக்கு வந்தாத்தான் வாயைத் திறக்க மாட்டான். மெடல் வாங்குறானேன்னு கணக்குலயே விட்டுட்டோம். உனக்கு என்னடா பிடிக்கும்னு ஒரு நாளும் கேட்கல."

"இப்பக் கேட்கலாமே அங்கிள்?" என்றாள் லோஷினி.

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "இப்பக் கேட்டா அவன் என்னம்மா சொல்லுவான்?"

மண்டப வாசலில் இறங்கினோம்.

9 மணிக்குப் போட்டி தொடங்கியது. முப்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை; சரியானதன் வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். எல்லோருக்கும் தொடக்கத்தில் முப்பது புள்ளி கொடுத்துவிடுகிறார்கள். தவறான விடைக்கு ஒன்று குறையும், விட்டுவிட்டால் குறையாது. வெளியே பெற்றோர் பேசியதெல்லாம் எந்தப் பதக்கத்துக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்பதுதான். கூட்டம் மொத்தமும் பல் மருத்துவரிடம் காத்திருப்பதைப்போல் உட்கார்ந்திருந்தது. மதியச் சாப்பாடு 17 வெள்ளி. அவள் பாதிக்கு மேல் சாப்பிடவில்லை.

2.15க்கு முடிவுச் சீட்டு வந்தது. சரி 0, தவறு 30, விட்டது 0. மொத்தப் புள்ளி பூஜ்யம்.

சீட்டுக் கொடுத்த மேசையில் இருந்த பெண் ஆறுதல் சொன்னார்: "ஒரு வரி தள்ளி நிரப்பியிருப்பாங்க அங்கிள். வருஷத்துக்கு ஒருத்தர் இப்படி வர்றது வழக்கம்தான்."

நான் கணக்குப் போட்டேன். ஒரு வரி தள்ளி நிரப்பியிருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருந்தாலும், ஆறேழு விடை தானாகச் சரியாக வந்திருக்கும். ஒன்றுகூடச் சரியாக வராமல் போக எண்ணூறில் ஒரு வாய்ப்பு. முப்பதுக்கும் விடை தெரிந்தவள்தான் முப்பதையும் இப்படித் தவிர்த்திருக்க முடியும். நிமிர்ந்து பார்த்தேன். லோஷினி ஆமென்று மெல்லத் தலையசைத்து, "அப்பாகிட்ட சொல்லாதீங்க தாத்தா" என்றாள்.

2.40க்குச் சரவணன் முடிவு கேட்டு அழைத்தான். புள்ளியை மட்டும் சொன்னேன். "சைபரா? மாடு மேய்க்கிறவன்கூட அஞ்சு மார்க் வாங்குவான்பா! மூளை எங்க போச்சு அவளுக்கு?" தொலைபேசிக்கு வெளியே வரை கேட்டது. பக்கத்தில் இருந்த பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். அவளை மக்கு என்பதுபோல் அவன் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை.

"மக்குப் பிள்ளையால சைபர் வாங்க முடியாதுடா. முப்பதுக்கும் விடை தெரிஞ்சாத்தான் முப்பதையும் தப்பாப் போட முடியும். அவளுக்கு அங்க போக இஷ்டமில்ல. அதைத்தான் சொல்லியிருக்கா."

 மறுமுனையில் அவன் சிரித்தான்.

"அப்போ முப்பதும் தெரியும்! முதல் இடமேப்பா! அதே ஹாஸ்டலுக்கு ஆகஸ்ட்ல ஈப்போவில இன்னொரு தேர்வு இருக்கு. அங்கேயே இப்பப் பேரைப் பதிஞ்சிருங்க. இந்தத் தடவை நானே கூட வர்றேன்."

இஷ்டமில்லை என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. இரண்டு முறை திரும்பச் சொன்னேன். கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டான். 180 வெள்ளி. மகனோடு ஊர் பார்க்கச் சண்டை போடும் தெம்பு எனக்கு இல்லை. கட்டினேன். லோஷினி என் பணப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

படகுத்துறைக்குக் கார் 16 வெள்ளி. படகில் ஏறியதும் நேற்றைய மழை இன்று பெய்தது. அவள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். தீவு ஐந்து நிமிடத்தில் மறைந்துவிட்டது.

மாலை 6.30. பேருந்தின் முன்னே ஒரு வெள்ளைக் கார் போனது. 4827.

"எவ்வளவும்மா?" என்றேன்.

இருபத்தொன்று. ஐந்து வயதிலேயே மூச்சு விடுவதற்குள் சொல்லியிருப்பாள். கார் கண்ணுக்கு மறையும்வரை காத்திருந்தேன். தப்பான விடைகூட அவள் சொல்லவில்லை.

பேருந்து 92, படகு 8, கார் 30, அறை 110, சாப்பாடு 48, ஆகஸ்ட் தேர்வு 180. ஆக மொத்தம் 468 வெள்ளி.