பூட்டக்காவின் ‘டேய்’

அரத்தைக் கீழே வைத்துவிட்டு, புதிதாய் ராவிய சாவியை வாயால் ஊதித் துகளைப் போக்குகிறார் பூட்டக்கா. பிறகு அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “டேய், பல்லெல்லாம் சரியா இருக்கா பாருடா” என்கிறார். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் கேட்டது கடவுளை.

பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இது பழகிவிட்டது. புதிதாய் வருபவர்கள்தான் யாருக்கு இந்தத் திட்டு என்று முழிப்பார்கள். பூட்டு முரண்டு பிடித்தால், “என்னடா விளையாடுற, அந்தப் பொண்ணு வெளியில நிக்குதுல்ல” என்று அதட்டுவார். திறந்துகொண்டால் “சமத்து” என்பார். கடையில் ஒரு சாமி படம்கூடக் கிடையாது. கேட்டால், “கூப்பிட்டா வர்றான். அவன் வீட்டு விலாசம் எனக்கு எதுக்கு?” என்பார். அந்த உரிமையைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட உண்டு.

அவருடைய நாத்தனாருக்கு இது ஆகாது. பெரிய அதிகாரி முன்னால் நிற்பதுபோல் கைகட்டி நின்றுதான் வேண்டிக்கொள்வார் அந்த அம்மா. “வாய் கூசலையா அண்ணி உங்களுக்கு?” என்று பதறுவார். அக்காவின் கணவர் லாரி ஓட்டுபவர்; அவருக்கோ கடவுளே கிடையாது. “ஆளில்லாத வீட்டுக்கு இவ காலிங் பெல் அடிச்சிட்டிருக்கா” என்று சிரிப்பார். மூவரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் சாப்பிட்டு எழுகிறார்கள்.

பூட்டக்காவிடம் ‘டேய்’ என்றால் செல்லம். மரியாதைதான் ஆபத்து. கணவரையே ‘வாய்யா, போய்யா’ என்றுதான் அழைப்பார். என்றைக்காவது “சாப்பிட வாங்க” என்று ஒரு ‘ங்க’ சேர்ந்துவிட்டால், தான் செய்த தப்பு என்னவென்று மனிதர் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

போன மாதம் கணவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. டாக்டர் எதற்கும் உறுதி சொல்லவில்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியதும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூட்டக்கா மெல்லச் சொன்னார்: “உங்களுக்குத் தெரியாதது இல்ல. நீங்க பாத்துச் செய்யுங்க.”

“இப்பவாவது புத்தி வந்துச்சே” என்று நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துணைக்குப் போயிருந்த எனக்கோ அந்த ‘ங்க’தான் காதில் விழுந்தது.

கணவர் பிழைத்து வந்தார். அக்காதான் இறங்கி வரவில்லை. சாவியை ராவினார், ஊதினார், பேசாமல் வாடிக்கையாளர் கையில் கொடுத்தார்.

“அதான் காப்பாத்திட்டாரேக்கா” என்றேன்.

“காப்பாத்துறவரு முதல்ல எதுக்கு இந்த பயம் காட்டணும்? பெரியவங்க சங்காத்தமே நமக்கு வேணாம்.”

நேற்று கணவர் மெல்ல நடந்து கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அரம் ஓடும் சத்தத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

“போதும் விடு, பாவம். இல்லாதவனை எத்தனை நாள்தான் தள்ளி வைப்ப?”

கடவுளுக்குச் சிபாரிசு, அதுவும் இவரிடமிருந்து! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

“நீ சும்மா இருய்யா” என்றார் அக்கா. சாவியை ஊதினார். சட்டைக்குள் மேலும் கீழும் போய்வரும் கணவரின் மார்பை ஒரு தரம் பார்த்தார். பிறகு, முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே, சாவியை மட்டும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.