மேல் ஷெட்டில் மோட்டார் நின்ற மத்தியானங்கள்

செய்தி வந்தபோது நான் மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவர் மூட்டையைப் பிரித்துவைத்துக்கொண்டு, நிறம் மங்கல் என்று வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். போனில் மேல் ஷெட் லோடுமேன் மாரி. "எங்க தேவசகாயம் அண்ணன் போயிட்டாருங்க" என்றான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. எதிரில் இருந்தவர் கேட்ட விலைக்கே தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முதலில் கேட்ட விலைக்கு நான் சம்மதித்து அவர் பார்த்ததில்லை.

மேல் ஷெட் தேவசகாயத்தை ஊட்டிப் பக்கம் எங்கள் கேத்தியில் எல்லோருக்கும் தெரியும். சபையின் மாத இதழுக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லி ஆயர் கேட்டபோது, "தொழில்ல அவருக்குப் போட்டியே நான்தானுங்களே" என்றேன். "அதனாலதான் கேக்கறேன். மத்தவங்க நல்லவரு நல்லவருன்னு எழுதி முடிச்சிருவாங்க" என்றார். அதுவும் நியாயம்தான். அவரோடு போட்டி போட்டு வாங்கி விற்றவன் சொன்னால் கொஞ்சம் நம்பலாம்.

வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிடுங்கிய கேரட்டை மண்ணோடு யாரும் வாங்க மாட்டார்கள். கழுவி, பளபளவென்று காட்டினால்தான் விலை. அதற்குத்தான் கழுவும் ஷெட். எங்கள் பள்ளத்தாக்கில் ஓடுகிற ஒரே ஓடையில் மேலே அவருடைய ஷெட், கீழே என்னுடைய ஷெட். மோட்டார் போட்டு ஓடையில் இருந்து தண்ணீரை எடுத்து, மிஷினில் கேரட்டைக் கழுவுவோம். கழுவிய சேற்றுத் தண்ணீர் திரும்ப ஓடைக்கே போகும். மழைக்காலத்தில் பிரச்சினை இல்லை. கோடை வந்தால் ஓடை நூலாக இளைத்துவிடும். அப்போது மேலே அவர் மிஷின் ஓடினால் கீழே எனக்கு வருவது சேறு மட்டும்தான். சேற்றில் கேரட் கழுவ முடியாது.

ஜெயசீலன் என்கிற நான் குன்னூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, பிறகு சின்னதாக வாங்கி விற்று, இந்த ஷெட்டைப் போட்டவன். தேவசகாயம் அண்ணன் எனக்கு முன்பே காலூன்றியவர். கோபக்காரர். அடிக்கக் கை நீளும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து பாடுவார். திங்கட்கிழமை அவர் ஷெட்டில் இருந்து வருகிற வார்த்தைகள் கீழே என் ஷெட்டில் வேலை பார்க்கிற பெண்களைக் காதைப் பொத்திக்கொள்ள வைக்கும். நான் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்காருகிறவன். வெளியே லோடு ஏற்றிய வண்டி நிற்கும். எங்கள் இரண்டு பேரின் விசுவாசமும் அந்த நாட்களில் ஏறக்குறைய ஒரே எடைதான்.

அவர் மாறத் தொடங்கியது எந்த ஜெபக் கூட்டத்திலும் இல்லை. மூட்டையைச் சரியாகத் தைக்கவில்லை என்று மாரியை ஒரு நாள் அறைந்துவிட்டார். மாரிக்குக் காதில் ரத்தம் வந்தது. அவரே ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி அவர் பிறகு என்னிடம் சொன்னது இதுதான்: "என் கையப் பாத்து எனக்கே பயமாப் போச்சு, சீலா. கையை எங்க வெக்கறதுன்னே தெரியலை. மடியில வெச்சேன். அப்புறம் கோத்துக்கிட்டேன். கோத்த கையி, அப்படியே ஜெபம் பண்ணிட்டேன். வேற வழியில்ல."

மறுநாள் ஆயரிடம் போய், தினமும் என்ன செய்ய வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். வியாபாரி அப்படித்தான் கேட்பான். காலையில் மிஷின் போடுவதற்கு முன் ஜெபம், கோபம் வந்தால் வாயைத் திறக்கும் முன் இடத்தை விட்டு நகர்வது, பிடிக்காத ஒருவர் பேரைச் சொல்லி வேண்டுவது என்று ஆயர் சொல்லி அனுப்பினார்.

நகர்வதற்கு அவருக்கு ஷெட்டில் கிடைத்த இடம் குழாயடி. கோபம் ஏறினால் விறுவிறுவென்று போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார். ஊட்டிக் குளிரில், பனி கொட்டுகிற காலத்தில், அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காது ஆறி வேலைக்குத் திரும்பிய மாரிதான் முதலில் கிண்டல் செய்தவன். "ஏனுங்கண்ணா, கேரட்டை விட உங்க மூஞ்சிதான் நல்லா வெளுத்திருக்குது. உங்களையே மூட்டை கட்டி மண்டிக்கு அனுப்பிரலாமா?" ஷெட்டே சிரித்தது. அதற்கும் கோபம் வந்து, அண்ணன் மறுபடியும் குழாயடிக்குப் போனார்.

பிடிக்காத ஒருவர் பேர் விஷயம் எனக்கு வேறு விதமாகத் தெரியவந்தது. ஒரு காலை ஓடைக் குழாயில் அடைப்பு எடுக்க மேலே ஏறியிருந்தேன். ஷெட்டின் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். "ஆண்டவரே, கீழ் ஷெட் ஜெயசீலனுக்கு இன்னிக்கு நல்ல லோடு குடுங்க. எனக்கு அதுக்குக் கொஞ்சம் முன்னாடி குடுங்க."

நேராக உள்ளே போய்விட்டேன். "என்னங்கண்ணா, என் பேரு அடிபடுது? என்ன திட்டம்?"

அவர் அசரவில்லை. "திட்டமெல்லாம் இல்லப்பா. பிடிக்காதவன் ஒருத்தன் பேரச் சொல்லச் சொன்னாரு ஆயர். கண்ண மூடுனேன். மொதல்ல நீதான் வந்து நின்ன."

"அதுக்காக ஆண்டவர்கிட்டயே முன்னுரிமை கேக்கறதா?"

"மனசுல இருக்கறதத்தான கேக்க முடியும்? இல்லாததக் கேட்டா அவருக்குத் தெரியாதா?"

அடைப்பை எடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அவர் சொன்னதை நம்பவில்லை. எவனாவது காரணமில்லாமல் எனக்கு நல்லது நினைத்தால், கையில் இருக்கிற சரக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது என் பழக்கம்.

பிறகு அந்தக் கடுமையான கோடை வந்தது. ஓடை இளைத்தது. மேலே மிஷின் காலையில் இருந்து பொழுது சாயும் வரை ஓடியது. கீழே என் தொட்டியில் சேறு. ஷெட்டில் வேலை பார்த்த பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். என்னிடம் கேரட் கொடுத்துவந்த படுகர் விவசாயிகள், "தப்பா நெனைக்காதீங்க, பிடுங்கின சரக்கு காத்திருக்காதுங்களே" என்று சொல்லிவிட்டு மேல் ஷெட்டுக்கு மூட்டையைத் திருப்பினார்கள். இன்னும் சில வாரம் இப்படியே போனால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

அது லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம். அண்ணன் கறி, மீன், டீ எல்லாவற்றையும் விட்டிருந்தார். தினமும் காலையில் எனக்காக ஜெபம் வேறு. ஒரு மத்தியானம் மேலே ஏறினேன். ஷெட் ஆட்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"கறிய விட்டுட்டீங்க, சரிங்கண்ணா. கறி உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? ஓடையக் கொஞ்சம் விடுங்களேன். காத்தால எனக்கு நல்ல லோடு குடுங்கன்னு கேக்கறீங்க. மத்தியானம் அவரு குடுத்தத நீங்களே நடுவுல நின்னு வாங்கிக்கறீங்க."

யாரும் மெல்லவில்லை. அண்ணன் முகம் சிவந்தது. குழாயடிக்குப் போனார். கழுவிக்கொண்டு திரும்பி வருவார் என்று நின்றேன். வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, கொட்டுகிற தண்ணீரைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். கடைசியில் குழாயை மூடிவிட்டு, என்னைப் பார்க்காமல், "நாளைக்குப் பாக்கலாம், போ" என்றார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மேலே மோட்டார் நின்றது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் என் ஷெட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஓடை தெளிய ஆரம்பித்தது. அன்று பொழுது சாயும் வரை நாங்கள் கழுவினோம். அடுத்த நாளும் அப்படியே. மழை விழுகிற வரை அப்படியே.

அதனால் அவருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மத்தியானத்துக்கு மேல் வருகிற மூட்டை எல்லாம் என்னிடம் வந்தது. அவருடைய மகன் ஜோயல் அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்தான். "நம்ம மோட்டார நிறுத்தி அடுத்தவன் வியாபாரத்தை ஓட்டறது எந்த ஊரு ஜெபம்?" என்று அப்பாவிடம் சண்டை போட்டான். நானும் சும்மா இல்லை. இதற்குப் பதிலாக என்றைக்கு என்ன கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே போய் நன்றி சொன்னேன்.

"நன்றியெல்லாம் வேண்டாம்பா. நான் ஒண்ணும் சந்தோஷமா நிறுத்தலை. பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் ஸ்விட்ச்சுல கை வெக்கறேன். உன் ஷெட்டுச் சத்தம் கேக்கறப்ப வயிறு எரியுது."

"அப்புறம் எதுக்குங்கண்ணா நிறுத்தறீங்க?"

"வயிறு எரியறது நிக்கட்டும், அப்புறம் நிறுத்தலாம்னு இருந்தா, நான் சாகற வரைக்கும் மோட்டார் ஓடும்."

அடுத்த கோடையிலும் நிறுத்தினார். அதற்கடுத்த கோடையிலும். மிஷின் நின்ற நேரத்தில் சும்மா உட்கார முடியாமல் கீழே என் ஷெட்டுக்கு வர ஆரம்பித்தார். முதலில் என் சரக்கை வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு எங்கள் பெண்களோடு சேர்ந்து உடைந்த கேரட்டைப் பொறுக்கித் தள்ளுவார். டீ குடிப்பார். தரம் பிரிப்பது சரியில்லை என்று என் ஆட்களையே திட்டப் போய், பாதியில் என் குழாயடியைத் தேடுவார். ஒரு நாள் அப்படி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சீலா, இன்னிக்கு ஸ்விட்ச்ச அமத்தறப்ப பல்லக் கடிக்கலை. நெனச்சுக்கூடப் பாக்கலை. கை அதுபாட்டுக்குப் போயிருச்சு" என்றார். பெரிய லாபம் வந்தவர் மாதிரி இருந்தது முகம்.

அவரைப் பரிசுத்தவான் ஆக்கி நான் எழுதினால் அவரே சிரிப்பார். சபைக் கமிட்டியில் சுற்றுச்சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்குப் பெஞ்சைத் தூக்கிப் போட்டவர் அவர். ஆலயத்தில் குழாயடி தூரம் என்று பிறகு காரணம் சொன்னார். ஆனால் மறுநாள் காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பை கேரட்டோடு நின்று மன்னிப்புக் கேட்டார். இதைப் படிக்கிறவர்களில் அந்தக் கேரட்டைச் சாப்பிட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பேச்சு குறைந்திருந்தது. மாசி மாதம், ஓடை இளைக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்க வாய் வரவில்லை. சாகப் போகிற மனிதரிடம் தண்ணீரைப் பற்றிப் பேசுவதா? அவரே பேசினார். "மோட்டார் விஷயமா ஜோயல்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. சொன்னா எனக்காக நிறுத்துவான். கொஞ்ச நாள் நிறுத்துவான். அது வேண்டாம்." மனதுக்குள் அவரைத் திட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அவருடைய மகனின் ஆத்துமாவை விட என் தொட்டிதான் பெரிதாகத் தெரிந்தது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மேல் ஷெட் திறந்தது. மத்தியானம் மோட்டார் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. என் தொட்டியில் மறுபடியும் சேறு. மூன்றாம் நாள் மேலே ஏறினேன். சண்டைக்குத்தான் போனேன். ஜோயல் அப்பாவின் ஸ்டூலில் உட்காராமல், பக்கத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். நான் எதற்கு வந்தேன் என்று அவனுக்குத் தெரியும்.

"அங்கிள், எனக்கு அப்பா மாதிரி விசுவாசம் எல்லாம் கிடையாதுங்க. அவரு செஞ்சாருன்னு நானும் செஞ்சா அது நடிப்பு. நடிக்கறது எனக்குப் பிடிக்காது."

"உங்கப்பாவுக்கும் கிடையாது, கண்ணு."

நிமிர்ந்து பார்த்தான்.

"மொத நாள் நிறுத்தினப்ப அவருக்கு என் மேல வயித்தெரிச்சல்தான் இருந்துச்சு. என்கிட்டயே சொன்னாரு. நிறுத்தி நிறுத்தித்தான் அந்த மனசு வந்துச்சு. மனசு வந்ததுக்கு அப்புறம்தான் நிறுத்துனாருன்னு இல்ல."

அவன் அப்பாவின் ஸ்டூலைப் பார்த்தான். நான் வற்புறுத்தவில்லை. வாதத்துக்கென்று வீட்டில் இருந்தே தயார் செய்து கொண்டுபோன பேச்சு எல்லாம் அப்படியே இருந்தது. இறங்கி வந்துவிட்டேன். அன்று மோட்டார் ஓடியது. அதற்கடுத்த நாள் சாப்பாட்டு நேரத்துக்கு வெகு நேரம் கழித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஓடியது. நேற்று நின்றது. இன்று என்ன ஆகும் என்று தெரியாது. அவன் ஸ்விட்ச் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். கடிக்கட்டும்.

அண்ணனிடம் இருந்து எனக்கு என்ன மிச்சம் என்று ஆயர் கேட்டார். சொல்கிறேன். என் ஷெட்டுக்குக் கீழே ராஜம்மா என்று ஒருத்தி போன வருடம் துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துப் பூண்டு போட்டிருக்கிறாள். என் சேறு அவள் பாத்தியில் படிகிறது என்று ரோட்டில் நின்று என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள். அவள் வாய் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். அவள் பேரைச் சொல்லி ஜெபம் செய்ய எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனால் இந்த வாரத்தில் இருந்து, மேலே மிஷின் ஓடத் தொடங்கும் முன், அவள் தண்ணீர் பாய்ச்ச வருகிற விடிகாலை நேரத்தில் என் மோட்டாரை நிறுத்திவைக்கிறேன். அவள் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். தண்ணீர் தெளிவாகப் போகிறது.